ஆயிரத்தில் தொடங்கி 545இல் முடிந்த ஓட்டம்

சிங்கப்பூரின் ஆக நீளமான ஆறு எது? மகனின் பயிற்சித்தாளில் இருந்த இந்தக் கேள்விக்கு அவன் ‘சிங்கப்பூர் ஆறு’ என்று எழுதியிருந்தான். ஓடத் தொடங்கியிராவிட்டால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். சரியான விடை காலாங் ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டுக் காலாங் படுகையில் சேரும் அதன் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அங் மோ கியோவில் எங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அதன் கரைக்குப் போய்விடலாம்.

அந்த 10 என்ற எண்தான் எனக்கு ஆசை காட்டியது. ஓர் ஆண்டில் 1,000 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்று சென்ற ஆண்டு ஜனவரியில் முடிவெடுத்தேன். ஆற்றின் நீளத்தை நூறு முறை ஓடினால் போதும். வாரத்துக்கு 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். வகுத்துப் பார்த்ததும் செய்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு தாளில் ‘1,000’ என்று பெரிதாக எழுதி, பன்னிரண்டு மாதங்களுக்கும் கட்டம் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அன்று முதல் வீட்டில் எல்லாருக்கும் அந்த எண் தெரியும்.

ஆற்றோடு ஒரு காலை

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரைக்கு, வெளிச்சம் வருமுன்பே கிளம்பிவிடுவேன். பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஆறு புல்வெளிக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். தை சி பயிலும் முதியவர்களும் நாயோடு நடக்க வந்தவர்களும் எனக்கு முன்பே அங்கே இருப்பார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீன் தின்றுகொண்டிருப்பதையும் பார்க்கலாம்.

பூங்காவைத் தாண்டியதும் ஆறு கான்கிரீட் கரைகளுக்குள் அடங்கிவிடும். பிராடல் சாலைக்கு அப்பால் ஒரு பக்கம் தோ பாயோ, மறுபக்கம் பொத்தோங் பாசிர். சரிவான கூரை கொண்ட அந்த வீவக புளோக்குகளைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். பொத்தோங் பாசிர் என்றால் மலாயில் மணல் வெட்டுவது. ஒரு காலத்தில் மணல் எடுத்த அந்த இடத்தில் பிறகு காய்கறித் தோட்டங்கள் வந்தன. அப்பா வளர்ந்தது அந்தப் பக்கம்தான். 1978 டிசம்பர் வெள்ளத்தில் நாற்காலிகளைக் கட்டில்மேல் அடுக்கிவைத்துவிட்டு வீட்டைவிட்டு வெளியேறிய கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

விரைவுச்சாலையைக் கடக்கும் இடத்தில் ஓட்டம் நடையாகிவிடும். பிறகு கோலம் ஆயர், காலாங் பாரு. கடைசியில் காலாங் ஆற்றோரப் பூங்கா. தண்ணீருக்கு அப்பால் தேசிய விளையாட்டரங்கத்தின் கூரை தெரியும். சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்து ஆண்டுகளில் சுத்தம் செய்ய வேண்டும் என்று 1977இல் இலக்கு வைத்து, 1987இல் முடித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலத்தைக் கடப்பார்களாம். 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அங்கே இருப்பது நன்னீர். ஓடி முடித்ததும் காலாங் சாலை ஸ்ரீ மன்மத காருணீஸ்வரர் ஆலய வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, பெருவிரைவு ரயிலேறி வீடு திரும்புவேன்.

ஜனவரி 88, பிப்ரவரி 74, மார்ச் 91. மொத்தம் 253. திட்டத்தைவிட மூன்று கிலோமீட்டர் கூடுதலாகவே ஓடியிருந்தேன்.

முதல் அடியில் வலி

ஏப்ரலில் ஒரு காலை, கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை ஊன்றியதும் குதிகாலில் ஆணி குத்தியதுபோல் வலித்தது. நான்கு அடி நடந்ததும் குறைந்தது. குறைகிறதே என்று ஒரு வாரம் கண்டுகொள்ளாமல் இருந்தேன். பிறகு மாடிப்படி இறங்கவே முடியவில்லை.

பலதுறை மருந்தகத்தில் ‘பிளாண்டர் ஃபாஸியைட்டிஸ்’ என்றார்கள். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் செல்லும் தடித்த நார்ப்பட்டையில் ஏற்படும் பாதிப்பு அது. காலையில் வைக்கும் முதல் அடியில் வலிப்பதுதான் அதன் அடையாளம். ஓட்டத்துக்கு ஓய்வு, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைப் பாதத்தின் கீழே உருட்டுவது, வீட்டுக்குள்ளும் செருப்பு. இவ்வளவுதான் மருந்து. குணமாக மாதக்கணக்கில் ஆகலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ஏப்ரல் 12. மே மாதம் ஓடவே இல்லை. சுழியம் எழுத மனம் வராமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். மகன்தான் பேனா எடுத்து ‘0’ போட்டான். “காலியா விட்டா டீச்சர் மார்க் குறைப்பாங்கம்மா” என்றான்.

கடன் தீர்க்கும் ஓட்டம்

ஜூனில் 20. அரையாண்டு முடிவில் மொத்தம் 285. இன்னும் 715 பாக்கி, 26 வாரங்கள் மிச்சம். அதாவது வாரத்துக்கு 27.5.

அந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். ஓடாமல் விட்ட ஒவ்வொரு கிலோமீட்டரையும் கடனாக நினைத்தேன். வாரத் தூரத்தைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதீர்கள் என்று ஓடுபவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம். ஜூன் மாதம் முழுவதும் சேர்த்து 20 ஓடியவள், ஜூலை முதல் வாரத்தில் மட்டும் 22 ஓடினேன். ஞாயிறு காலைகளில் அப்பாவோடு ஈரச்சந்தைக்குப் போய் மீன் வாங்கி, காப்பிக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் ஓடிவிட்டு வந்து அதற்கும் போவேன். ஜூலையில் ஒரு ஞாயிறுகூடப் போகவில்லை. “நீ ஓடு, நான் பார்த்துக்கிறேன்” என்று அப்பா பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

ஜூலையில் 104 கிலோமீட்டர். மாதக் கடைசியில் வலி திரும்பியது. இந்த முறை காலை நேரத்தில் மட்டுமல்ல, நாள் முழுவதும். தேசிய தின அணிவகுப்பை வீட்டில் ஐஸ் போத்தல்மேல் காலை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆகஸ்ட் மாதக் கட்டத்திலும் மகனே ‘0’ எழுதினான்.

எழுதாத தூரம்

செப்டம்பரில் மெல்லத் தொடங்கினேன். மூன்று முறை, ஒவ்வொன்றும் மூன்று கிலோமீட்டர். அடுத்து வந்த ஞாயிறு காலை பூங்காவின் மறுகோடியில் இருந்தபோது கணவர் தொலைபேசியில் அழைத்தார். “அப்பாவுக்குப் பேச்சு குழறுது. 995க்கு அடிச்சிட்டேன். உடனே வா.”

வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை. கைக்கடிகாரம் அந்த ஓட்டத்தையும் பதிவு செய்திருந்தது. அதை நான் தாளில் எழுதவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம். கணவர் தாமதிக்காமல் அழைத்தது எவ்வளவு நல்லது என்று மருத்துவர் சொன்னார். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது: இவற்றில் எதைக் கண்டாலும் ‘கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள்.

வார்டில் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. இயன்முறை சிகிச்சையாளர் அதில் அவர் நடக்க வேண்டிய தூரத்தை எழுதுவார். முதலில் 5 மீட்டர், பிறகு 20, பிறகு 40. இரண்டாம் வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் அந்தப் பெண் 40ஐ அழித்துவிட்டு 15 என்று எழுதினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அப்பா பின்னோக்கிப் போகிறாரா?” என்று கேட்டேன்.

இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு இதுதான் சரியான எண் என்றார். முந்தாநாள் எண்ணை அப்படியே விட்டுவைத்தால் அவர் அதை எட்ட முயன்று கீழே விழுவார் என்றும் சொன்னார்.

ஜூலையில் நான் விழுந்தது அப்படித்தான் என்று அப்போது புரிந்தது. அலுவலகத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வரவுசெலவு மதிப்பீட்டைத் திருத்துகிறோம். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. திருத்தாமல் விட்டால்தான் மேலதிகாரி கேள்வி கேட்பார். என் சொந்தத் தாளுக்கு மட்டும் அந்த நியாயம் எனக்குத் தோன்றவே இல்லை.

புதிய எண்

அக்டோபர் முதல் நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஓடியது 398. ஆயிரத்தை எட்ட வாரத்துக்கு 46 கிலோமீட்டர் ஓட வேண்டும். என் காலைப் பார்த்தவரோ வாரத்துக்குச் சுமார் 12 போதும், அடுத்தடுத்த நாள்களில் ஓடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். 13 வாரம், 12 கிலோமீட்டர், 156. கூட்டினால் 554. ‘1,000’ என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘550’ என்று எழுதினேன். தாளை மாற்றவில்லை. பழைய எண்ணும் கண்ணில் படட்டும். ஓரத்தில் ‘அப்பா’ என்று இன்னொரு வரிசையும் சேர்த்தேன்.

அக்டோபர் கடைசியில் அப்பா வீட்டுக்கு வந்தார். நான்கு கால் ஊன்றுகோலோடு முதலில் தாழ்வாரம், பிறகு கீழ்த்தளம், நவம்பர் நடுவில் ஆற்றங்கரை. அங்கே நின்று வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார்.

“முன்னாடி இது நேரா போற லோங்காங் தெரியுமா?” என்றார். வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன.

அவர் சொன்னது சரி. அந்தப் பகுதியில் 2.7 கிலோமீட்டருக்கு நேரான கான்கிரீட் கால்வாய்தான் இருந்தது. அதை உடைத்து, வளைந்து செல்லும் ஆறாக மாற்றிய பணி 2012இல் முடிந்தது. வளைந்ததால் இப்போது அதன் நீளம் 3.2 கிலோமீட்டர். அதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். “அப்போ எனக்கு நடக்க அரைக் கிலோமீட்டர் கூடிப்போச்சு.”

டிசம்பர் 31

அக்டோபர் 40, நவம்பர் 51, டிசம்பர் 56. ஆண்டின் கடைசி நாள் காலையில் தாளில் இருந்த எண் 545. ஐந்துதான் பாக்கி. முந்தின நாள் ஓடியிருந்ததால் அன்று ஓய்வு நாள். ஒரே ஒரு முறை விதியை மீறினால் என்ன என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். மழை விடவே இல்லை.

மாலை ஐந்து மணிக்கு மழை ஓய்ந்தது. நான் காலணியை எடுக்கப் போனபோது அப்பா ஏற்கெனவே தம் காலணியைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகு அவரால் நடக்க முடியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பாதை ஈரமாக இருந்ததால் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தோம். முதல் வளைவு வரை போய்த் திரும்பினோம். 1.2 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்.

வீட்டுக்கு வந்ததும் மகன் பேனாவோடு ஃபிரிட்ஜ் அருகே காத்திருந்தான். “இன்னும் அஞ்சுதானேம்மா? இப்பப் போய் ஓடிட்டு வந்துடுங்க.”

ஜூலையாக இருந்தால் போயிருப்பேன். “இல்லப்பா, 545ன்னு எழுது” என்றேன். எழுதினான். ‘அப்பா’ வரிசையை அவனே கூட்டிப் பார்த்தான். 26.4. இரண்டையும் சேர்த்தால் 550 தாண்டிவிடுமே என்று ஒரு யோசனை சொன்னான். அது வேறு கணக்கு, இரண்டையும் சேர்க்கக்கூடாது என்றேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் வேறு என்ன சொல்வாள்?

இந்த ஆண்டுத் தாளும் அதே ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. இலக்கு 700. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளுக்கு நேராக ‘பார்க்கவும்’ என்று குறித்துவைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஓட்டம் எட்டு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சந்தை, அப்பா, காப்பி. 700 என்பதை இம்முறை பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.