லைன் பிஸி

2003-ல ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். டெலிபோன் ஒயரை மோடத்துல சொருகினா, கீச்சுக் கீச்சுனு கத்தின பிறகுதான் நெட் கிடைக்கும். தோட்டத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட் வர ராத்திரி ஒரு மணி ஆகும். அதுவரைக்கும் யாஹூ மெசஞ்சர்தான். தமிழ்ல அடிக்கிற மென்பொருளுக்குப் பேரு இ-கலப்பை. நமக்குன்னே வெச்ச மாதிரி! கனடாவுல ஒரு அண்ணன், சிங்கப்பூர்ல ஒரு தங்கச்சி. ஊர்ல மழையான்னுதான் முதல்ல கேப்பாங்க. முகம் பார்த்ததில்லை, முழுப்பேரும் தெரியாது.

ஆனா நெட் ஓடினா போன் வேலை செய்யாதுங்க. ஒருநாள் ராத்திரி அக்கா வீட்டுல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. லைன் பிஸி. விடியக்காலை ஆள் வந்து சொல்லித்தான் மாமா தவறினது தெரிஞ்சது. என்னைப் பார்க்கணும்னு கேட்டாராம்.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். "எங்க போனீங்க, தோட்டத்துல ஏதும் பிரச்சினையா?"ன்னு வரிசையா செய்தி. நடந்ததைச் சொன்னேன். கனடா அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். அப்பா செத்தப்போ தன்னால ஊருக்கே போக முடியலைன்னு எழுதினார். வேற ஆறுதல் சொல்லலை. எனக்கு அது போதுமா இருந்தது.

2018-ல யாஹூ மெசஞ்சரையே மூடிட்டாங்க. அவங்களை எங்க போய்த் தேடறது? இப்பவும் ராத்திரி மோட்டார் போடப் போறப்ப, அங்க மழையான்னு கேக்கத் தோணுதுங்க.