போகாத குளிர்காலம்

மார்கழி வந்தால் ஆனைமலையில் விடிகாலைக் குளிர் எலும்பு வரை இறங்கும். தை, மாசியில் அது போய்விடும். வாழ்க்கையில் போகாத குளிர்காலம் வந்தால்?

நெல்லைப் பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931-ல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். சுகத்துக்காக ஜெபித்தார்கள், முழு சுகம் வரவேயில்லை. 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைதான். அங்கிருந்தே பல புத்தகங்கள் எழுதினார்.

'எல்லாம் சரியாகிவிடும்' என்பதல்ல கிறிஸ்தவ நம்பிக்கை. ரோமர் 5-ல் பவுல் உபத்திரவத்தையும் பொறுமையையும் கடந்து நம்பிக்கைக்கு வருகிறார். சரியாகாவிட்டாலும் கர்த்தர் கூடவே இருக்கிறார் என்பதுதான் அது.

பக்கவாதத்தில் படுத்திருக்கும் எங்கள் அம்மாயி தினமும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறார். அந்த நம்பிக்கையை நான் அவரிடம்தான் பார்க்கிறேன், நண்பர்களே.