ஜூரி மரம்

ஜூரி என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நானாவதி வழக்குதான் நினைவுக்கு வரும். 1959-ல் பம்பாயில் ஜூரிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் 'குற்றவாளி இல்லை' என்றார்கள். நானாவதி கடற்படை அதிகாரி. ஆனால் கப்பலில் சொல்லும் ஜூரிக்கும் கோர்ட் ஜூரிக்கும் சம்பந்தமே இல்லை.

துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் இருந்ததில் கப்பல் வார்த்தைகள் மேல் எனக்கு ஒரு பிரியம். புயலிலோ சண்டையிலோ பாய்மரம் முறிந்துபோனால், கையில் இருப்பதை வைத்து நிறுத்தும் தற்காலிக மரத்துக்கு ஆங்கிலத்தில் 'ஜூரி மாஸ்ட்' என்று பெயர். முறிந்த அடிமரத்தோடு உபரிக் கட்டை ஒன்றைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கி, சின்னப் பாய் ஒன்றை ஏற்றுவார்கள். இந்த ஏற்பாடுதான் 'ஜூரி ரிக்'.

கேப்டன் ஜான் ஸ்மித் 1616-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. முந்தின வருஷம் நியூ இங்கிலாந்துக்குக் கிளம்பிய அவருடைய கப்பல் மரங்களை இழந்தது. ஜூரி மரம் கட்டித்தான் பிளிமத் திரும்பினார்.

'இன்ஜூரி'யின் தலை போய் ஜூரி ஆயிற்று என்பார்கள். அதற்குச் சான்று கிடையாது. 'உதவி' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் சிலரின் கருத்து. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மரம் போன கப்பலுக்கு வேகம் குறைவது பெரிய கஷ்டம் இல்லை. பாய் இல்லாவிட்டால் சுக்கானுக்குக் கட்டுப்படாது. அலைக்குக் குறுக்கே கிடக்கும். மரத்தின் பாரமும் போய்விடுவதால் ஆட்டம் தாங்காது. சின்னப் பாய் ஒன்று ஏறினால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

என் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதல் சில மாதங்கள் நானும் அப்படித்தான் குறுக்கே கிடந்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கட்டினேன். காலையில் பால் வாங்க நானே போவது, குக்கரில் ஒரு டம்ளர் அரிசி, எதிர்வீட்டு அம்மா கொடுக்கும் ரசம், ராத்திரி எட்டு மணிக்கு மகளின் போன்.

"இப்படியே எத்தனை நாள்ப்பா? இங்க வந்துடுங்க" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்கிறவரை பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூரி மரம் துறைமுகம் போய்ச் சேரும்வரைக்கும்தான். அங்கே அதைக் கழற்றிவிட்டுப் புது மரம் நிறுத்துவார்கள். எனக்குப் புது மரம் கிடையாது. ஆனாலும் சுக்கான் பிடிபடுகிறது.

தனியாக இருக்கும் நண்பர்கள், நீங்கள் எதை வைத்துக் கட்டியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.