பச்சை காட்டும் திரையும் இழுக்கும் ஸ்டீயரிங்கும்

வீல் அலைன்மென்ட் இயந்திரம் சக்கரத்தின் கோணத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. ரிம்மைக் கவ்வும் கிளாம்ப், அதில் மாட்டிய டார்கெட் அல்லது சென்சார் தலை, வண்டி நிற்கும் லிஃப்ட் ஆகியவற்றின் வழியாகத்தான் டோ, கேம்பர், காஸ்டர் கோணங்களைக் கணக்கிடுகிறது. இவற்றில் எது பிசகினாலும் எண் வந்துவிடும். அளவு சரி என்று பச்சை நிறத்திலும் வரும்.

அலைன்மென்ட் செய்த கார் ஒரு பக்கமாக இழுத்தால், “மெஷின் கரெக்டா காட்டுது சார், டயர்தான் பிரச்சினை” என்ற பதில் பல பட்டறைகளில் தயாராக இருக்கிறது. டயரும் இழுக்கக்கூடியதுதான். முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டினால் அது தெரிந்துவிடும். அப்போதும் அதே பக்கம் இழுத்தால் அந்தப் பதில் செல்லாது. இதை எழுதுபவரின் தேடல் அங்கிருந்துதான் கிளம்பியது.

முதல் சந்தேகம் கேமரா மேல் விழுந்தது. கேமராவால் அளக்கும் 3டி இயந்திரத்தில் டார்கெட்டில் படிந்த கிரீஸும், வாசல் வழியே நேராக அடிக்கும் வெயிலும் கேமராவைக் குழப்பும். ஆனால் அந்தக் கோளாறு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்: எண்கள் குதிக்கும், அல்லது டார்கெட் தெரியவில்லை என்று திரை நின்றுவிடும். அசையாமல் நிற்கும் தவறான எண்ணுக்கு அது விடையாகவில்லை.

அடுத்தது கிளாம்ப். நகம் தேய்ந்தோ, ரிம் ஓரத்து மண்ணாலோ அது 1 மி.மீ. சாய்ந்து உட்கார்ந்தால், 16 அங்குல ரிம்மில் சுமார் 0.14 பாகை பிழை. இதை ஈடுகட்டத்தான் வண்டியை முன்னும் பின்னும் தள்ளுகிறார்கள். சில இயந்திரங்களில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுகிறார்கள். அவசரத்தில் விட்டுவிடக் கூடாத வேலை இது. கிளாம்பைக் கழற்றி, கால் சுற்று திருப்பி மாட்டி, மறுபடி ஈடுகட்டி அளந்தால் இரண்டு அளவும் ஒத்துவர வேண்டும்.

ஒத்துவந்த பிறகும் இழுத்தால் லிஃப்டைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரை விட்டு இரும்புக்கும் சிமென்ட் தரைக்கும் தேடல் திரும்பியது இங்கேதான். சென்சார் தலை வகை இயந்திரங்கள் புவியீர்ப்பை ஆதாரமாக வைத்துக் கேம்பரை அளக்கின்றன. லிஃப்டின் இடப்பக்கம் 3 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்று கொள்வோம். சக்கரங்களுக்கு இடையே 1500 மி.மீ. என்றால் வண்டி சுமார் 0.115 பாகை இடப்பக்கம் சாயும். இடது சக்கரத்தின் மேல்பகுதி வெளிப்பக்கமும், வலது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கமும் சாய்வதால் திரையில் 0.23 பாகை வேறுபாடு தெரியும். காரில் அந்த வேறுபாடே கிடையாது. மெக்கானிக் அதை ஒழுங்காகச் சரிசெய்கிறார். சமதளச் சாலைக்கு வந்ததும் அந்தத் திருத்தமே பிழையாகி, வண்டி வலப்பக்கம் இழுக்கப் பார்க்கும். மெக்கானிக்கைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். லிஃப்டை வேலை செய்யும் உயரத்தில் லாக்கின் மேல் உட்காரவைத்து, நான்கு சக்கரங்கள் நிற்கும் இடங்களிலும் மட்டம் பார்க்க வேண்டும். நான்கு தூண் லிஃப்டில் ஸ்டீல் கயிறுகள் ஒரே அளவில் நீள்வதில்லை. ஆகவே கயிற்றில் தொங்கும் நிலையில் எடுத்த மட்டம் பயன்படாது. மட்டத்தைச் சரிசெய்த பிறகே காலிபரேஷன்.

லிஃப்ட் மட்டமாக இருந்தாலும், முன் சக்கரங்களுக்கு அடியில் உள்ள டர்ன் டேபிளில் துருவும் மண்ணும் அடைந்தால் டயர் தாராளமாக நகராது. டோ அளவு மாறும். காஸ்டர் பார்க்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கம்பி இல்லாவிட்டால் சக்கரம் உருண்டு அளவு கெடும். திரையில் தவறான மாடலைத் தேர்ந்தெடுத்திருந்தால், இயந்திரம் பழுதில்லாமல் அளந்து, வேறொரு காருக்குரிய அளவுக்குப் பச்சை காட்டும்.