தம்பிக்குக் கோட்டு

பாரதி புதுவையில இருந்தது 1908லேருந்து 1918 வரைக்கும். எங்க கருவடிக்குப்பத்துக் குயில்தோப்பு அவரால பேர் வாங்கினது. அந்தக் கறுப்புக் கோட்டு எப்படித் தொங்கினாலும் அவர் பாரதி. கல்யாண மாப்பிள்ளையான என் தம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது :-)

நேத்து டிரையல். டெய்லர் கை நீளத்தைப் பார்த்துட்டு "சூப்பர் சார்" என்றார். நான் பார்த்தது தோளை. தையல் தோள் எலும்பைத் தாண்டி ஒரு விரல் இறங்கியிருந்தது. கை நீளம், இடுப்பெல்லாம் பிரிச்சுத் தைக்கலாம். தோள்னா கையையே கழற்றணும், அப்பவும் முழுசா சரியாகாது. பின்கழுத்துல கோட்டுக் காலர் சட்டைக் காலரோட ஒட்டாம விலகி வேற நின்னுச்சு.

"தோளை யாருண்ணே பார்க்கப் போறா?"

போட்டோ 30 வருஷம் சுவத்துல தொங்கும்டா!

புதுசா வெட்டச் சொல்லியாச்சு. ரிசப்ஷனுக்கு இன்னும் 11 நாள்.