கேட்காமலே தெரிந்தது

வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பாட்டு வரவில்லையா, மைக் அணைந்துவிட்டதா என்று மனம் பதறும். உடனே எதையாவது பேசி இடைவெளியை நிரப்பிவிடுவேன். ஸ்டூடியோவில் எனக்குச் சோறு போடும் இந்தப் பழக்கம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது. அதனால் என் சித்தி மகள் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தையே விட்டுப் போகப் பார்த்தாள்.

சனிக்கிழமை இரவுகளில் ஈசூனில் எங்கள் வீவக வீட்டில் ஐந்து பேர் கூடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுகிறோம். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராகி, “நான் கதவைத் திறக்கிறேன்”, “நான் பாலத்தைத் தாண்டுகிறேன்” என்பார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது பக்கப் பகடை முடிவு சொல்லும். கதை சொல்வது என் பொறுப்பு.

சித்தி மகள் தாதியாக வேலை பார்க்கிறாள். அதிகம் பேச மாட்டாள். இரவு வேலை இல்லாத சனிக்கிழமைகளில் மட்டும் வருவாள். அவளுடைய கதைமாந்தர் ஒரு காட்டுக் காவலாளி. சண்டைத் திறனைக் குறைத்துக்கொண்டு, கூர்ந்து கவனிக்கும் திறனை உயர்த்தி அந்த ஆளை உருவாக்கியிருந்தாள்.

நானோ, மேசை கொஞ்சம் அமைதியானால் போதும், “எல்லாரும் உருட்டுங்க! ஏதாவது கண்ணுல படுதா பார்ப்போம்” என்பேன். நான்கு பகடைகள் உருளும். கலகலப்பாக இருக்கும். ஆட்டம் நன்றாகப் போகிறது என்றே நினைத்தேன்.

ஒரு நாள் பாலத்தடியில் எதிரிகள் பதுங்கியிருந்தார்கள். வழக்கம்போல் உருட்டச் சொன்னேன். அவளுக்கு 3 விழுந்தது. எப்போதும் குடிபோதையில் திரியும் வாள்வீரனாக விளையாடும் நண்பருக்கு 19. “தண்ணி போட்டவன் கண்ணுக்குத் தெரியுது, காவல்காரிக்குத் தெரியலையே!” என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அன்றிரவு தேநீர்க் கோப்பைகளைக் கழுவ உதவியபோது சொன்னாள்: “அக்கா, அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரலை.”

வேலை அதிகமா என்று கேட்டேன்.

“இல்லக்கா. என் ஆளுக்குக் கண்ணு கூர்மைன்னு தாள்ல எழுதியிருக்கேன். ரெண்டு மாசமா ஒரு தடவைகூட அது உதவல. வேலை இடத்துலயும் நான் பார்த்ததை வேற யாராவது சத்தமா சொன்னாத்தான் காதுல விழுது. இங்கயும் அப்படியேன்னா நான் எதுக்கு?”

என்னிடம் சட்டென்று சொல்லப் பதில் இல்லை. குழாயைத் திருகி மூடிவிட்டு, “ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்க” என்றேன்.

அவள் போனபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதுங்கியிருப்பவர்களைக் கண்டுபிடிக்க 15 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குக் கூட்டல் 5 உண்டு. பகடையில் 10 விழுந்தால் போதும். வாய்ப்பு 55 விழுக்காடு. மற்ற மூவருக்கும் கூட்டல் எதுவும் கிடையாது. ஆளுக்கு 30 விழுக்காடுதான். ஆனால் மூவரும் சேர்ந்து உருட்டினால், ஒருவராவது கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 66 விழுக்காடு. எல்லாரையும் உருட்டச் சொல்லிச் சொல்லியே அவளுடைய திறமையை நான் செல்லாக்காசு ஆக்கியிருந்தேன். இன்னொரு கேடும் உண்டு. உருட்டச் சொன்னாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாருக்கும் குறைந்த எண் விழுந்தாலும் கை வாளுக்குத்தான் போகும்.

இதற்கு மருந்து விதிப்புத்தகத்திலேயே இருந்தது. ‘பேசிவ் ஸ்கோர்’ என்று பெயர். பகடையைத் தொடாமலே எப்போதும் வேலை செய்யும் மதிப்பெண் அது. 10உடன் அவரவர் கூட்டலைச் சேர்த்தால் போதும். அவளுக்குக் கூர்மதிக்கு 3, பயிற்சிக்கு 2, ஆக 15. மற்றவர்களுக்கு 10. சூழல் சாதகமாக இருந்தால் 5 கூடும். மங்கிய வெளிச்சம் போல் பாதகமாக இருந்தால் 5 குறையும். ஒளிந்து வரும் எதிரிக்கு நான் மட்டும் மறைவாக உருட்டுவேன். அந்த எண் 15ஐ எட்டாவிட்டால் அவள் கண்ணில் பட்டுவிடுவான். படித்த விதிதான். மௌனத்துக்குப் பயந்து பயன்படுத்தாமல் விட்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, நான்கு பேரின் மதிப்பெண்களையும் ஒரு சிறு அட்டையில் எழுதி என் பக்கத்துத் தடுப்பில் ஒட்டிவைத்தேன். பாழடைந்த கோட்டைக்குள் நுழைந்தார்கள். யாரையும் உருட்டச் சொல்லவில்லை. அவளைப் பார்த்து மட்டும் சொன்னேன்: “எல்லாப் படியிலும் தூசி படிந்திருக்கிறது. நான்காவது படியில் மட்டும் இல்லை.”

மேசை அமைதியானது. மூன்று விநாடி, நான்கு, ஐந்து. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“யாரும் நாலாவது படியில கால் வைக்காதீங்க” என்றாள்.

வாள்வீரன் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார். அந்தப் படியில் என்ன பொறி இருக்கிறது, அதை எப்படிச் செயலிழக்க வைப்பது என்று தேடியபோதுதான் பகடை உருண்டது.

இந்த ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொறியையே காட்டிக்கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அவளே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள், ஆட்டம் சப்பென்றாகிவிடும். அதனால் மதிப்பெண்ணுக்குத் தடயத்தை மட்டும் கொடுக்கிறேன். விடையைத் தேடும் வேலை எல்லாருக்கும் உண்டு.

அவள் இப்போதும் வருகிறாள். வரும் சனிக்கிழமை அவர்களை ஓர் இருட்டுக் குகைக்குள் கூட்டிப்போகப் போகிறேன். மங்கலில் அவளுடைய 15, 10 ஆகிவிடும். இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. நேற்று அவள் தன் கதைமாந்தரின் தாளை அனுப்பியிருந்தாள். சாமான் பட்டியலில் புதிதாக ஒரு வரி: கைவிளக்கு, 1.