ஊரிகத்துப் பட்டாம்பூச்சிகள்

கோலார் தங்கவயல் என்றவுடன் வெளியூர் அன்பர்களின் மனக்கண்முன் தோன்றுவன இரண்டே. ஒன்று, வெண்சாம்பல் நிறத்துச் சயனைடு மேடுகள். மற்றொன்று, சுழலாமல் நின்றுவிட்ட சுரங்கச் சக்கரங்கள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தொழிலைத் தொடங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்து குடியேறினர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவ்வளவும் உண்மையே. எனினும், இன்றைய ஊரிகம் இவ்வளவுதான் என்று எண்ணிவிடலாகாது.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் கிளைப்பாதையில் ஊரிகம் நிலையத்தில் இறங்கி, மழை ஓய்ந்த ஒரு புரட்டாசிக் காலையில் சிறிது தூரம் நடந்து பாருங்கள். பாதையோரத்தில் எருக்கும், உன்னிச்செடியும், தும்பையும் தழைத்து நிற்கும். அவற்றின்மேல் செம்மஞ்சள் நிறத்தில் மெல்லப் பறப்பது வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சி. இதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்வது. அந்த இலையின் நஞ்சு பூச்சியின் உடலிலும் தங்கிவிடுவதால் பறவைகள் இதனை நாடுவதில்லை. இது அஞ்சாமல், அவசரமின்றிப் பறப்பதற்கு அதுவே காரணம்.

இதனை அருகிலிருந்து படம் பிடிக்கும் ஆவல் சில ஆண்டுகளுக்குமுன் நம்மைப் பற்றிக்கொண்டது. அதற்கு வெயில் ஏறாத காலைப் பொழுதே ஏற்றது. பட்டாம்பூச்சிக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளும் ஆற்றல் குறைவு. ஆதலால் காலையில் சிறகை விரித்து வெயில் காயும். நமது நிழல் அதன்மேல் விழாதவாறு, குனிந்து மெல்ல அணுகவேண்டும். மேக்ரோ லென்ஸ் இருந்தால் நன்று. இல்லையேல் கைப்பேசியும் போதும். மிக அருகில் எடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் பரப்பு நூலளவாகச் சுருங்கிவிடும். எனவே காமிராவைச் சிறகின் தளத்துக்கு இணையாகப் பிடித்து, எஃப் 8 முதல் எஃப் 11 வரை துவாரத்தை அமைத்து, நொடியில் 250-இல் ஒரு பங்கு அல்லது அதனினும் விரைவாக எடுப்பது வழக்கம். பூச்சியைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, அது மயங்கிய நிலையில் படமெடுப்பாரும் உண்டு. அது கொடுமை, பொய்யுங்கூட.

அவ்வாறு செய்யாத நாமும் வேறொரு வகையில் பிழை செய்தோம். நமது முதல் நல்ல படத்தைக் கைப்பேசியில் திருத்தினோம். பின்னாலிருந்த தண்டவாளமும் சரளைக்கல்லும் அழகைக் கெடுப்பதாக எண்ணி வெட்டினோம். அத்தோடு பின்சிறகிலும் பாதி போயிற்று. நிறத்தைக் கூட்டினோம், புள்ளிபுள்ளியாய்த் தெரிந்த சொரசொரப்பை மழமழவென்று ஆக்கினோம். இடம் போதவில்லை என்று மூலப்படத்தை அழித்தும் விட்டோம். படம் உறவினர் பலருக்குச் சென்றது. ஆஸ்திரேலியாவில் குடியேறியுள்ள அத்தை மகள், “மிக அழகு, அண்ணா! இது எந்தப் பூங்கா?” என்று கேட்டாள். ஊரிகத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள்!

அதன்பின் பூச்சியியல் பயின்ற நண்பர் ஒருவரிடம் காட்டினோம். டானாய்டு எக்ஃப்ளை என்னும் இனத்தின் பெண், வெந்தய வரியனைப்போலவே வேடமிட்டுத் திரியுமாம். அதனிடம் நஞ்சில்லை, நஞ்சுள்ளதன் உருவமே அதற்குக் காப்பு. வெந்தய வரியனுக்குப் பின்சிறகின் நடுவில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் உண்டு. வேடதாரிக்கு அவை இல்லை. மார்பிலுள்ள சிறு வெண்புள்ளிகளும் அடையாளமாம். நம் படத்திலோ பின்சிறகு வெட்டுண்டது. வெண்புள்ளிகள் மழுங்கிப் போயின. அன்று நாம் கண்டது எதுவென்று இன்றளவும் நமக்குத் தெரியாது.

அன்று முதல் நாம் கைக்கொண்ட முறை இது. மூலப்படத்தை ஒருபோதும் அழிப்பதில்லை, நகலில்தான் திருத்துவோம். வெளிச்சத்தைக் கண்ணால் கண்ட அளவுக்கே சரிசெய்வோம். உணர்கொம்பு, நான்கு சிறகுகளின் விளிம்பு ஆகியவற்றைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு வெட்டுவோம். நீண்ட பக்கம் ஏறத்தாழ 2000 பிக்சல் இருக்குமாறு சுருக்கி, அதன் பின்னரே சிறிது கூர்மையாக்குவோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுட்பம் குறையும்; ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே செல்லும். ஆயினும் எடுத்த இடத்தின் குறிப்பும் படத்தோடு செல்லக்கூடும். ஆகையால் வீட்டுத் தோட்டத்தில் எடுத்ததைப் பொதுவில் இடுமுன் அந்தக் குறிப்பை நீக்கிவிடுதல் நலம்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் நாளும் ஊரும் குறித்துப் பதிவிட்டால், அறிந்தோர் பெயரைச் சரிபார்த்துச் சொல்லுகின்றனர். பாதையோரத்து எருக்கில் கண்ட பூச்சி, ஆராய்வோருக்கு ஒரு சான்றாகிவிடுகிறது. அழகிய படம் மட்டும் இருந்து ஊரும் நாளும் இல்லையேல் அப்பயன் இல்லை.

இப்பொழுது நாம் ஒவ்வொரு முறையும் இரண்டு படங்கள் அனுப்புகிறோம்: ஒன்று பூச்சியை நெருங்கி எடுத்தது, மற்றொன்று அது அமர்ந்திருந்த புதரையும் சுற்றுப்புறத்தையும் காட்டுவது. சென்ற புரட்டாசியில் அவ்வாறு அனுப்பியதை, அத்தை மகள் தன் தந்தைக்குக் காட்டினாளாம். மாமா சுரங்கத்தினுள் பல்லாண்டு உழைத்தவர். பூச்சியை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டாவது படத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தாராம். “எருக்கு இவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டதா!” என்றாராம்.

சங்கத்து அன்பர்கள் எந்த ஊரில் வாழினும் அங்குக் காணும் பட்டாம்பூச்சிகளை இவ்வாறே படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் உறவினர்க்கும் அனுப்புங்கள். ஊர்ப் பெயரையும் நாளையும் எழுத மறவாதீர்கள்.